லெண்டிகுலர் ஷீட்டும் டிஜிட்டல் பிரஸ்ஸும்: சேலம் அச்சகங்களுக்கான கேள்வி பதில்

கொலுசுக் கடைக்கு விசிட்டிங் கார்டு, ஏற்காட்டுக் கடைகளில் விற்கும் சாவிக்கொத்து, கோயில் வாசலில் கிடைக்கும் படம் மாறும் சாமி படம் என்று எந்த வேலையாக இருந்தாலும் லெண்டிகுலரில், அதாவது நுண்ணிய லென்ஸ் வரிகள் கொண்ட பிளாஸ்டிக் ஷீட்டின் அடியில் பல காட்சிகளைக் கோடுகோடாக வைத்து 3டியாகவோ மாறும் படமாகவோ காட்டும் வேலையில், பெரும்பாலான சேதம் ஒரே இடத்தில்தான் நடக்கிறது. ஷீட் ஒரு அளவு, மெஷின் ஒரு அளவு. இரண்டையும் சேர்த்து அளக்காமல் வேலையை ஓட்டிவிடுகிறார்கள். கீழே உள்ள பதில்கள் முதன்மையாக அந்த அளவைப் பற்றியவை.

பெட்டியில் 60 எல்பிஐ என்று போட்டிருக்கிறது. ஃபைலிலும் 60 என்றே போடலாமா?

கூடாது. 60 எல்பிஐ என்றால் ஓர் அங்குலத்தில் 60 லென்ஸ் வரிகள், ஒவ்வொன்றும் சுமார் 0.423 மில்லிமீட்டர் அகலம். ஆனால் அது ஷீட்டின் பெயர் மட்டுமே. ஃபைலில் போட வேண்டிய எண் மூன்று காரணங்களால் மாறும்.

முதலாவது, பார்க்கும் தூரம். படத்தின் நடுவில் உள்ள லென்ஸை நேராகப் பார்க்கிறோம், ஓரத்தில் உள்ளதைச் சாய்வாகப் பார்க்கிறோம். அதனால் ஓரத்து லென்ஸுக்கான அச்சுக் கோடு சற்று வெளியே தள்ளி இருக்க வேண்டும். அதாவது அச்சின் இடைவெளி லென்ஸின் இடைவெளியைவிடக் கொஞ்சம் அகலம்; எல்பிஐ கணக்கில் கொஞ்சம் குறைவு. 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள 60 எல்பிஐ ஷீட்டை அரை மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு 59.91, இரண்டு மீட்டரிலிருந்து பார்ப்பதற்கு 59.98 என்று வரும். வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். ஆனால் 600 மில்லிமீட்டர் அகல போஸ்டரில் 60-க்கும் 59.91-க்கும் இடையே இரண்டு லென்ஸ் அளவு நழுவிவிடும். படத்தின் இடது பாதி ஒரு காட்சி, வலது பாதி வேறு காட்சி என்று தெரியும்.

இரண்டாவது, மெஷினின் சொந்தப் பிழை. 300 மில்லிமீட்டர் கேட்டால் 300.3 அடிக்கும் மெஷின் சாதாரண வேலைக்கு நல்ல மெஷின்தான். லெண்டிகுலரில் அந்த 0.1 சதவீதம் 60 எல்பிஐயில் 0.06 ஆகிறது. மூன்றாவது, ஷீட் தயாரான லாட்டும் அன்றைய வெப்பமும்.

அப்படியானால் சரியான எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிட்ச் டெஸ்ட், அதாவது வரிகளின் இடைவெளியைக் கண்டறியும் சோதனை, அடித்துத்தான். இன்டர்லேஸ் செய்யும் (பல காட்சிகளைக் கோடுகளாக நறுக்கி ஒரே படமாகக் கோக்கும்) எந்த மென்பொருளிலும் இதற்கான வசதி இருக்கும். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் கோடுகள் பட்டை பட்டையாக வரும். ஒவ்வொரு பட்டையும் ஒரு எல்பிஐ எண்.

முதல் சுற்றில் 59.0 முதல் 61.0 வரை 0.1 இடைவெளியில் அடியுங்கள். எந்த மெஷின், எந்த ரிப் (ஃபைலை அச்சுப் புள்ளிகளாக மாற்றும் மென்பொருள்) அமைப்பு, எந்த மீடியா, எந்தத் திசையில் வேலை ஓடப்போகிறதோ, அதே முறையில் அடிக்க வேண்டும். லென்ஸ் மேலேயே நேரடியாக அச்சிடும் வேலை என்றால் டெஸ்டையும் லென்ஸின் வழவழப்பான பின்பக்கத்திலேயே அடியுங்கள்; பேப்பரில் அடித்த டெஸ்ட் அதற்கு உதவாது. பட்டையின் நீளம் வேலையின் முழு அகலத்துக்கும் இருக்கட்டும்.

பிறகு ஷீட்டைச் சுவரில் வைத்து, வாடிக்கையாளர் எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பாரோ அங்கே நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். சரியான பட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே கறுப்பாகவோ ஒரே வெள்ளையாகவோ தெரியும். தலையை லேசாக நகர்த்தினால் முழுப் பட்டையும் ஒன்றாக மாறும். தவறான பட்டையில் கறுப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாக நிற்கும். திட்டுகளை எண்ணினால் பிழையே கிடைத்துவிடும்: 12 அங்குலத்தில் இரண்டு கறுப்பு வெள்ளை ஜோடிகள் தெரிந்தால் பிழை 2/12, அதாவது சுமார் 0.17 எல்பிஐ.

இரண்டாம் சுற்றில், முதலில் கிடைத்த எண்ணுக்கு இருபுறமும் 0.1 வரை 0.01 இடைவெளியில் அடித்து முடிவு செய்யுங்கள். எண்ணை ஷீட் லாட், மெஷின், திசை, தேதி, அறை வெப்பம் ஆகியவற்றோடு எழுதி வையுங்கள்.

இவ்வளவு நுணுக்கம் எல்லா வேலைக்கும் தேவையா?

அளவைப் பொறுத்தது. அகலத்தை அங்குலத்தில் எடுத்து எல்பிஐ பிழையால் பெருக்கினால் எத்தனை லென்ஸ் நழுவும் என்பது வரும். பத்தில் ஒரு லென்ஸுக்குள் நிறுத்துவது நல்லது. மூன்றரை அங்குல விசிட்டிங் கார்டுக்கு 0.03 பிழை தாங்கும். 12 அங்குலப் படத்துக்கு 0.01-க்குள் வர வேண்டும். அதனால்தான் கார்டு வேலையில் பழகியவர்கள் போஸ்டர் எடுக்கும்போது தடுமாறுகிறார்கள்.

எங்கள் மெஷினுக்கு எந்த எல்பிஐ ஷீட் பொருந்தும்?

மெஷினின் டிபிஐயை (ஓர் அங்குலத்தில் வைக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை) ஷீட்டின் எல்பிஐயால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்தான் ஒரு லென்ஸுக்கு அடியில் வைக்கக்கூடிய காட்சிகளின் உச்சவரம்பு. எப்சன் இங்க்ஜெட் டிரைவர் 720 டிபிஐயில் ஃபைலை வாங்கும்: 60 எல்பிஐக்கு 12 காட்சி, 40-க்கு 18, 20-க்கு 36. கேனான் 600 டிபிஐ என்றால் 60-க்கு 10, 40-க்கு 15. டோனர் பிரஸ்ஸின் 1200 டிபிஐக்கு 75 எல்பிஐயில் 16, 100-இல் 12.

ஆனால் இது காகிதக் கணக்கு. மெஷின் உண்மையில் வைக்கும் புள்ளியின் அகலத்தையும் பார்க்க வேண்டும். யூவி பிளாட்பெட் மெஷின்களில் (தட்டையான மேசையில் ஷீட்டை வைத்து, யூவி ஒளியில் உலரும் மையால் அடிப்பவை) பார்க்கும் ரிக்கோ ஜென் 5 ஹெட்டின் மிகச் சிறிய துளி 7 பிக்கோலிட்டர். பறக்கும்போது அதன் விட்டம் சுமார் 0.024 மில்லிமீட்டர், பிளாஸ்டிக்கில் விழுந்து பரவினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும், 0.05 என்று வைத்துக்கொள்ளலாம். 60 எல்பிஐயில் 12 காட்சி என்றால் ஒரு கோட்டின் அகலம் 0.035 மில்லிமீட்டர்தான். புள்ளி கோட்டைவிடப் பெரிது. பக்கத்துக் காட்சியில் மை வழிந்து, 3டி மங்கிப்போகும். அதே மெஷினில் 40 எல்பிஐ போட்டால் லென்ஸ் 0.635 மில்லிமீட்டர், 12 காட்சிக்குக் கோடு 0.053. இது பொருந்துகிறது. எனவே இத்தகைய மெஷின் வைத்திருப்பவர்கள் 75 எல்பிஐ ஷீட்டுக்கு ஆசைப்படாமல் 40, 30, 20 எல்பிஐயில் போஸ்டர், கடைப் பலகை, சுவர்ப்படம் என்று போவது நல்லது. அவற்றில் ஆழமும் கூடுதலாகக் கிடைக்கும். கார்டும் சாவிக்கொத்தும் கையில் பிடித்துப் பார்ப்பவை. அவற்றுக்கு 75 அல்லது 100 எல்பிஐயும் நுண்ணிய பிரஸ்ஸும் வேண்டும்.

ஒரே எல்பிஐயில் 3டி ஷீட், ஃபிளிப் ஷீட் என்று இரண்டு விற்கிறார்களே?

வித்தியாசம் பார்வைக் கோணத்தில். தடிமன் கூடினால் கோணம் குறுகும். 3டிக்குக் குறுகிய கோணம், படம் மாறுவதற்கு அகன்ற கோணம். 40 டிகிரிக்குக் கீழே என்றால் 3டிக்கு, 50-க்கு மேலே என்றால் ஃபிளிப்புக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இடைப்பட்டவை இரண்டுக்கும் ஓடும், இரண்டிலும் சுமாராக.

கடையில் இருக்கும் டோனர் டிஜிட்டல் பிரஸ்ஸில் லென்ஸ் ஷீட்டையே விட்டு அச்சிடலாமா?

சாதாரண லென்ஸ் ஷீட்டைத் தயவுசெய்து விடாதீர்கள். உலர் டோனரை உருக்கும் ஃப்யூசர் 180 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். லென்ஸ் ஷீட் செய்யப்படும் பெட்ஜி பிளாஸ்டிக் 80 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். லென்ஸ் மேடுகள் தட்டையாகும். மோசமான நிலையில் ஷீட் ஃப்யூசர் ரோலரில் சுற்றிக்கொள்ளும். ஃப்யூசர் மாற்றும் செலவு அந்த வேலையின் கூலியை விழுங்கிவிடும்.

எடையும் தடை. 75 எல்பிஐ ஷீட் சுமார் 0.46 மில்லிமீட்டர் தடிமன். பெட்ஜியின் அடர்த்தி 1.27, ஆக 550 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மேல். 350, 400 ஜிஎஸ்எம் வரை மட்டும் எடுக்கும் பிரஸ் அதை இழுக்காது.

பேப்பரில் டோனரில் அடித்து லென்ஸை ஒட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃப்யூசர் சூட்டில் பேப்பர் ஈரம் இழந்து சுருங்கும், வெளியே வந்தபின் மெல்ல விரியும். காலையில் எடுத்த பிட்ச் மாலையில் இருக்காது. கார்டு அளவுக்குச் சமாளிக்கலாம், ஏ3-க்கு வேண்டாம்.

இண்டிகோ பிரஸ்ஸில்?

லென்ஸ் ஷீட்டில் நேரடியாக அச்சிட டிஜிட்டல் பிரஸ்களில் நம்பகமானது இதுதான். எச்பி இண்டிகோவில் திரவ மை பிளாங்கெட் என்ற சூடான ரப்பர் உறையிலிருந்து ஷீட்டுக்கு மாறுகிறது. ஷீட்டைச் சுட்டு உருக்கும் ஃப்யூசர் கிடையாது. ஆனாலும் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். ஷீட்டின் பின்பக்கத்தில் இண்டிகோ மை பிடிப்பதற்கான பிரைமர் பூச்சு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டேப் ஒட்டி இழுத்தால் மை கையோடு வரும். ஷீட்டின் தடிமன் அந்த மாடல் ஏற்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். 0.46 எல்லா மாடலும் ஏற்காது, ஆபரேட்டரிடம் மெஷின் கையேட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவது, வெள்ளை மை உண்டா என்பது. இல்லையென்றால் அச்சுக்குப் பின் வெள்ளை ஃபிலிம் ஒட்ட வேண்டும்.

டிபிஐ விஷயத்தில் 812 என்றும் 2438 என்றும் இரண்டு எண்கள் சொல்வார்கள். 812 படத்தின் டிபிஐ. 2438 புள்ளியை வைக்கக்கூடிய இடங்களின் நுணுக்கம். 75 எல்பிஐக்கு 812-ஐ வகுத்தால் பத்துக் காட்சிதான். 2438-ஐ வகுத்து 32 காட்சி என்று நம்பி ஃபைல் போடுவதில் பயனில்லை, நிறத்தை உருவாக்கும் ஸ்கிரீன் புள்ளிகள் அதை விழுங்கிவிடும். பத்தில் நிறுத்துங்கள்.

ஷீட் சிலிண்டரில் சுற்றி வருவதால் தடிமனான ஷீட்டின் வெளிப்பக்கம் ஓடும் திசையில் சற்று நீளும். அதனால் ஓடும் திசைக்கும் குறுக்குத் திசைக்கும் பிட்ச் எண் வேறுவேறாக வரும். இரண்டையும் தனித்தனியாக அளந்து வையுங்கள்.

யூவி பிளாட்பெட்டில் நேரடியாக அடிக்கும்போது என்ன வரிசை?

லென்ஸ் பக்கம் கீழே, வழவழப்பான பக்கம் மேலே. லென்ஸ் பள்ளங்கள் வழியாகக் காற்று கசிவதால் வேக்குவம் சரியாகப் பிடிக்காது. லென்ஸ் பக்கத்தின் பாதுகாப்பு ஃபிலிமை உரிக்காமல் வையுங்கள். நான்கு ஓரங்களையும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். ஷீட் சற்றுத் தூக்கினாலும் துளி விழும் இடம் மாறும்.

பின்பக்கத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் லேசாகத் துடைத்து உலரவிடுங்கள். அசிட்டோன், தின்னர் வேண்டாம். ஷீட் வெளிறும், கீறல் விடும். பாலிபுரொப்பிலீன் ஷீட் என்றால் கொரோனா (மை பிடிப்பதற்கான மின்பொறிச் சிகிச்சை) செய்த பக்கமா என்று பார்த்து, இல்லையேல் பிரைமர் பூசியே அடிக்க வேண்டும்.

அச்சு வரிசை: முதலில் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிய வண்ணப் படம், அதன் மேல் வெள்ளை இரண்டு பாஸ். பின்னாலிருந்து விளக்கு எரியும் பெட்டிக்கு ஒரு பாஸ் போதும். ஹெட் ஒரே திசையில் போகும்போது மட்டும் மை விடும்படி வையுங்கள். இருதிசையில் அடித்தால் போகும் கோடும் வரும் கோடும் ஒரு புள்ளி விலகினாலும் போதும், கோடு அகன்று காட்சிகள் கலக்கும். ஹெட்டின் உயரத்தைப் பாதுகாப்பான அளவுக்குள் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள்.

லென்ஸ் வரிகளை எந்தத் திசையில் வைப்பது என்பதற்கு எல்லா மெஷினுக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஹெட் ஓடும் திசையில் என்கோடர் பட்டி (ஹெட் இருக்கும் இடத்தை அளக்கும் பட்டி) இருப்பதால் நீள அளவு நம்பகமானது, ஆனால் துளியோடு வரும் சிதறல் அதே திசையில் கோட்டை மங்கவைக்கும். ஹெட் அடுத்த பட்டைக்கு நகரும் திசையில் சிதறல் குறைவு, ஆனால் ஒவ்வொரு நகர்விலும் சிறு பிழை சேரும். இரண்டு திசையிலும் பிட்ச் டெஸ்ட் அடித்து, எதில் கறுப்பு நல்ல கறுப்பாகவும் வெள்ளை நல்ல வெள்ளையாகவும் தெரிகிறதோ அதை அந்த மெஷினுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஷீட்டைக் கோணம் பிசகாமல் வைப்பது எப்படி?

வெட்டிய ஓரத்தை நம்பாதீர்கள். ஓரம் லென்ஸ் வரிக்கு இணையாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வேலைக்கு வெளியே ஒரு ஓர இடத்தை விட்டு, அதில் சரியான பிட்ச்சில் கோடுகளை மட்டும் மேலிருந்து கீழ்வரை அடித்து லென்ஸ் பக்கத்திலிருந்து பாருங்கள். முழுவதும் ஒரே நிறமாக இருந்தால் நேர். சாய்ந்த பட்டைகள் தெரிந்தால் ஷீட்டைத் திருப்ப வேண்டும். பட்டைகள் குறையக் குறைய நேருக்கு வருகிறீர்கள். அந்த நிலை கிடைத்ததும் மெஷின் மேசையில் ஒரு தடுப்புப் பட்டையை ஒட்டி, அந்த லாட் முழுவதையும் அதில் முட்டவைத்து அடிக்கலாம்.

நெடுக்கா, குறுக்கா?

3டிக்கு லென்ஸ் வரிகள் செங்குத்தாக. இரண்டு கண்களும் வேறு வேறு காட்சியைப் பார்க்க வேண்டும். படம் மாறும் வேலைக்குக் கிடைமட்டமாக. இரண்டு கண்களும் ஒரே படத்தைப் பார்க்க வேண்டும், கார்டை மேலும் கீழும் சாய்த்தால் மாற வேண்டும்.

ரிப்பில் என்னென்ன பார்க்க வேண்டும்?

அளவு 100 சதவீதம். பக்கத்துக்குப் பொருத்து, தானாகச் சுழற்று, கூர்மையாக்கு, மென்மையாக்கு, டிராப்பிங் (நிறங்களின் ஓரத்தை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுவது) அனைத்தும் நிறுத்தம். இன்டர்லேஸ் செய்த ஃபைலை டிஃப் வடிவில் மட்டும் சேமியுங்கள். ஜேபெக் சுருக்கம் பக்கத்துக் கோடுகளைக் கலக்கும். ஃபோட்டோஷாப்பில் திறந்து அளவை மாற்றவே கூடாது, அளவு மாற வேண்டுமானால் மூலப் படங்களிலிருந்து மறுபடியும் இன்டர்லேஸ் செய்யுங்கள். நிறத் திருத்தமும் இன்டர்லேஸுக்கு முன்பே முடியட்டும். வழக்கமான ஸ்கிரீன் புள்ளிகள் லென்ஸ் வரியோடு சேர்ந்து மொய்ரே என்ற வேண்டாத அலைப் பட்டை கொடுக்கும். புள்ளிகளை ஒழுங்கின்றிச் சிதறவிடும் ஸ்டொகாஸ்டிக் ஸ்கிரீன் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

சித்திரை வெயிலில் பிட்ச் மாறுமா?

மாறும், நினைப்பதைவிட அதிகமாக. பெட்ஜி ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு சுமார் 0.07 மில்லிமீட்டர் விரியும். ஏசி அறையில் 25 டிகிரியில் அடித்த பேப்பர் பிரிண்டை, 38 டிகிரி ஓடும் லேமினேஷன் அறையில் கிடந்த லென்ஸோடு ஒட்டினால் 13 டிகிரி வித்தியாசம். 600 மில்லிமீட்டர் அகலத்தில் 0.55 மில்லிமீட்டர், 60 எல்பிஐயில் ஒரு முழு லென்ஸைத் தாண்டிவிட்டது. சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் ஒட்டும் வேலை கெட்டுப்போவதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டிய காரணம் இது. லென்ஸ் ஷீட்டை முதல் நாளே ஏசி அறைக்குள் கிடைமட்டமாக அடுக்கி வைத்து, பிட்ச் டெஸ்ட், அச்சு, ஒட்டுதல் மூன்றையும் அதே அறையில் முடியுங்கள்.

உலர்ந்த வெயில் நாளில் நிலைமின்சாரமும் தொல்லை. ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி இரட்டையாகப் போகும், தூசியை இழுக்கும். அயனைசர் பார் அல்லது நிலைமின் பிரஷ் பயன்படுத்துங்கள்.

சேலத்தில் சரியாக இருந்த படம் ஏற்காட்டில் மாட்டியதும் கெடுமா?

லென்ஸ் மேல் நேரடியாக அச்சிட்டது கெடாது. மையும் லென்ஸும் ஒன்றாகச் சுருங்கி ஒன்றாக விரிகின்றன. பேப்பரில் அடித்து ஒட்டியதுதான் கவலை. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் குளிரில் லென்ஸ் சுருங்கும். மழைக்கால ஈரத்தில் பேப்பர் உப்பும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் ஓரங்கள் பார்ப்பவர் பக்கமாக வளையும், பிட்ச்சும் நழுவும். மேலே போகும் வேலைக்குப் பேப்பரைத் தவிர்த்து வெள்ளை பாலியெஸ்டர் ஃபிலிமில் அடித்து ஒட்டுங்கள், நான்கு பக்கமும் ஃபிரேம் போடுங்கள்.

ஒரு படத்தில் இன்னொன்று நிழலாகத் தெரிகிறது. ஏன்?

கோடுகள் கொஞ்சம் கலப்பதை எந்த மெஷினிலும் முழுக்கத் தவிர்க்க முடியாது. கலந்தாலும் கண்ணில் படாதபடி படத்தை அமைக்கலாம். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, அடுத்த காட்சியில் அதே இடம் காலி என்றால் நிழல் உறுதி. பிள்ளையார் படமும் லட்சுமி படமும் மாற வேண்டுமானால் இரண்டுக்கும் ஒரே பின்னணி நிறம், ஏறக்குறைய ஒரே வெளிச்சம், முகங்கள் ஒரே இடத்தில் இருக்கட்டும். மாறும் படங்கள் இரண்டோடு நிற்கட்டும், மூன்று உச்சம். கடை பெயரும் போன் எண்ணும் எல்லாக் காட்சியிலும் அசையாமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். 3டி வேலையிலும் எழுத்தை ஷீட்டின் மட்டத்திலேயே வையுங்கள், முன்னே தள்ளினால் மங்கும்.

3டியில் முன்னால் இருக்க வேண்டியது பின்னால் போய்விட்டது.

காட்சி வரிசை தலைகீழ். இன்டர்லேஸில் வரிசையைத் திருப்பி மறுபடி போடுங்கள். நேரடி அச்சுக்கான கண்ணாடி பிம்பத்தை மென்பொருளிலும் ரிப்பிலும் இரண்டு முறை திருப்பிவிட்டாலும் எழுத்து இடவலம் மாறி வரும். ஒரு இடத்தில் மட்டும் திருப்புங்கள்.

கட்டிங்கில் ஓரம் உதிர்கிறது.

வெள்ளை மை தடிமனாக ஏறினால் யூவி மை ஓரத்தில் நொறுங்கும். கட்டிங் மெஷினில் லென்ஸ் பக்கம் மேலே வைத்து, ஒரு நேரத்தில் சில ஷீட்டுகளை மட்டும், புது பிளேடில் வெட்டுங்கள். கார்டுகளுக்கு வெட்டும் கோடு வரை வெள்ளையை ஓட்டாமல் அரை மில்லிமீட்டர் உள்ளே நிறுத்தினால் உதிர்வு குறையும்.

ஷீட் வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

எல்பிஐ மட்டும் கேட்டு ஆர்டர் போடாதீர்கள். தடிமன், பார்வைக் கோணம், பிளாஸ்டிக் வகை, எந்த அச்சு முறைக்கான பூச்சு, லென்ஸ் வரி ஷீட்டின் நீளவாட்டிலா அகலவாட்டிலா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வேலைக்கான ஷீட் முழுவதும் ஒரே லாட்டில் வரட்டும், பிட்ச் டெஸ்டுக்கும் கோணம் சரிசெய்வதற்கும் பத்து சதவீதம் கூடுதலாகச் சேர்த்து. இரண்டாவது ஆர்டர் வேறு லாட்டில் வந்தால் பழைய எண்ணைப் போடாமல் மறுபடியும் 0.01 சுற்றை அடித்துப் பாருங்கள். அதற்கு ஒரு ஷீட் போதும்.